முருங்கை: விதை போடுவதா, போத்து நடுவதா?

"எங்கள் வீட்டு முருங்கைக் காய் சதைப்பற்றாக, இனிப்பாக இருக்கும். அதன் விதையைப் போட்டு வளர்த்த மரம் குட்டையாக, கசப்பாகக் காய்க்கிறது. ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

விதை என்றாலே இரண்டு பெற்றோர். உங்கள் மரம் தாய் மட்டும்தான். முருங்கையின் செல்லில் மரபுப் பண்புகளைச் சுமக்கும் 28 குரோமோசோம்கள் உண்டு. சூலில் 14, மகரந்தத்தில் 14 எனப் பாதிப் பாதியாகப் பிரிந்து, விதையில் மறுபடி 28 ஆகின்றன. பூவில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் இருந்தாலும், கருவண்டும் தேனீயும் பக்கத்துத் தெரு மரத்திலிருந்தும் மகரந்தத்தைக் கொண்டுவந்து விடும். ஒரே மரத்து மகரந்தமாகவே இருந்தாலும், அந்த 14 ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலைத்துப் போடப்பட்டவை. அதனால் ஒரே காயிலுள்ள விதைகள்கூட ஒன்றுபோல் இருக்காது. ஒன்று கசக்கலாம், இன்னொன்று தாயைவிட நன்றாகவும் காய்க்கலாம். காய்க்கும் வரை தெரியாது என்பதுதான் தொல்லை.

அதே காய்தான் வேண்டும் என்றால் போத்துதான் வழி. கிளையை வெட்டி நட்டால் கலப்பே கிடையாது, அதே மரம் இன்னோர் இடத்தில் தொடர்கிறது. யாழ்ப்பாண முருங்கை, 90 முதல் 120 செ.மீ. நீளம் காய்க்கும் சாவகச்சேரி முருங்கை போன்ற பல்லாண்டு ரகங்கள் இப்படித்தான் தோட்டம் விட்டுத் தோட்டம் வந்திருக்கின்றன.

காய்ப்பு ஓய்ந்த பிறகு, மணிக்கட்டுப் பருமனாவது உள்ள முற்றிய கிளையை 1 முதல் 1.5 மீட்டர் நீளத்துக்கு வெட்டுங்கள். பச்சையான நுனிக் கொம்பில் சேமித்த மாவுச்சத்து குறைவு, அழுகிவிடும். அடிப்பக்கம் சாய்வாக வெட்டி, வெட்டுவாய் காய ஓரிரு நாள் நிழலில் போடுங்கள். மேல்வெட்டில் சாணி உருண்டை வைப்பது வெறும் சம்பிரதாயமல்ல, ஈரம் போகாமலும் மழைநீர் இறங்காமலும் காக்கும். ஒன்றரை அடிக் குழியில் மணல் கலந்த மண் போட்டு, மூன்றில் ஒரு பங்கு புதையும்படி நட்டு, அடியில் மண்ணை மேடாக அணைத்துவிடுங்கள். தண்ணீர் தேங்கவே கூடாது. தலைகீழாக நட்டுவிடாமல் இருக்க, வெட்டும்போதே அடியை அடையாளம் செய்யுங்கள். வேர்விடத் தூண்டும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் நுனியிலிருந்து அடி நோக்கியே நகரும். அடிமுனை மேலே நின்றால் வேர் பிடிப்பது கடினம்.

பலர் ஏமாறும் இடம் இதற்கு அப்புறம்தான். இரண்டு மூன்று வாரத்தில் துளிர் வரும். அது வேர் பிடித்ததற்கு அடையாளம் அல்ல. போத்து தன் கையிருப்பைத் தின்று துளிர்க்கிறது. அந்த மகிழ்ச்சியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினால் அடி அழுகி, அடுத்த மாதமே துளிர் தொங்கிவிடும். வேர் வந்ததா என்று அசைத்துப் பார்ப்பதும் வேண்டாம், புதிய வேர் அறுந்துவிடும்.

போத்துக்கு ஒரு குறை உண்டு: ஆணிவேர் கிடையாது. பக்கவேரில் நிற்பதால் பலத்த காற்றில் சாய வாய்ப்பு அதிகம். விதைக்கன்றோ கிழங்குபோல் தடித்த ஆணிவேரை இறக்கும், வறட்சியையும் அதிகம் தாங்கும். அதற்காக விதைதான் வேண்டும் என்றால் தெருவில் கிடைத்த விதை வேண்டாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 போன்ற செடிமுருங்கை (விதை போட்டு வளர்க்கும் ஓராண்டு முருங்கை) விதையை வாங்குங்கள். அது தன் மகரந்தத்தாலேயே பல தலைமுறை சேர்க்கை செய்து தேர்ந்தெடுத்த ரகம். கலைத்துப் போட அதில் வேறுபாடு அதிகம் மிஞ்சவில்லை, அதனால்தான் விதையிலும் ஓரளவு ஒரே மாதிரி காய்க்கிறது. 45 செ.மீ. குழி, குழிக்கு 2 விதை, 3 செ.மீ. ஆழம், செடிக்குச் செடி 2.5 மீட்டர். பத்துப் பன்னிரண்டு நாளில் முளைக்கும். 75 செ.மீ. வளர்ந்ததும் நுனியைக் கிள்ளாவிட்டால் ஒற்றைக் கொம்பாக உயரே போய்விடும். ஆறு மாதத்தில் காய். முருங்கையை ஒடித்து வளர் என்ற பழமொழிக்கேற்ப, அறுவடை முடிந்ததும் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் வெட்டிவிட்டால், மறுதாம்பாக, அதாவது வெட்டிய அடியிலிருந்தே மறுபடி துளிர்த்து, சில ஆண்டுகள் காய்க்கும்.

அந்தச் செடியிலிருந்தே விதை எடுப்பதானால் மறுபடி வண்டுகளின் வேலை நடுவில் வரும். விரியாத பூங்கொத்துக்கு மெல்லிய துணிப்பை கட்டி, பூ விரிந்தபின் அதே செடியின் இன்னொரு பூவிலிருந்து மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டு வையுங்கள். பை மட்டும் கட்டிவிட்டுச் சும்மா இருந்தால் காய் பிடிப்பது குறைவு. நெற்று பழுப்பாகி வெடிக்கும் முன் பறித்து, விதையை அந்தப் பருவத்திலேயே போட்டுவிடுங்கள். நாள்பட்ட விதைக்கு முளைப்பு குறையும்.