ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள்

"குடும்ப வரலாற்றைத் தோண்டுவதில் அப்படி என்ன சுவாரசியம்? அந்த ஆர்வம் உங்களுக்கு எப்படி வந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு அது தாத்தாவின் வயதில் இருந்த ஒரு குளறுபடியால் வந்தது. அவர் இறந்த பிறகு ஏதோ ஒரு விண்ணப்பத்துக்காக அவருடைய பிறப்புப் பதிவின் நகல் தேவைப்பட்டது. வாங்கிப் பார்த்தால் பெயர் சரி, அப்பா அம்மா பெயர் சரி, ஆண்டு மட்டும் மூன்று வருடம் முந்தி இருந்தது. பள்ளிச் சான்றிதழும் வேலைப் பதிவும் வேறு ஆண்டைச் சொல்கின்றன. அந்தக் காலத்தில் யார் வயதைச் சரியாக எழுதினார்கள் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. இறப்புப் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. அந்தப் பதிவு தாத்தாவுடையதே அல்ல, அவருக்கு முன்னால் பிறந்த அண்ணனுடையது. ஒன்றரை வயதில் காய்ச்சலில் போன பிள்ளை. அடுத்துப் பிறந்தவருக்கு அதே பெயரை வைத்திருக்கிறார்கள். குழந்தைச் சாவு அதிகமாக இருந்த காலத்தில் உலகத்தின் பல பகுதிகளில் இது சகஜம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். தாத்தா அந்த அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்றிலிருந்து இரண்டு காகிதங்கள் முரண்பட்டால் எனக்குக் கை பரபரக்கும். அதற்குக் காரணம் பல சமயம் எழுதியவரின் கவனக்குறைவுகூட இல்லை. இங்கிலாந்தின் 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியே உத்தரவு. 39 வயதுக்காரர் அதில் 35 ஆகிவிடுவார். இது தெரியாமல் பிறந்த ஆண்டைக் கணக்கிட்டால் வேறு யாரோ ஒருவரைக் கொள்ளுத் தாத்தாவாக்கிக் கொண்டாடிவிடுவோம்.

"வம்சத்தில் ராஜா யாராவது உண்டா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை. அப்பா அம்மா இருவர், தாத்தா பாட்டிகள் நால்வர் என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் முன்னோர் இரட்டிப்பாவதால், பத்துத் தலைமுறை பின்னால் போனாலே அந்தப் படியில் மட்டும் 1,024 இடங்கள். முப்பது தலைமுறை போனால் 107 கோடியைத் தாண்டும், அன்று உலகத்தில் இருந்த மொத்த மக்களைவிட அதிகம். அதாவது அதே ஆட்கள்தான் பல கிளைகளில் திரும்பத் திரும்ப வருகிறார்கள். தோண்டினால் ராஜாவும் வருவார், அவர் குதிரையைக் கழுவியவரும் வருவார்.

ஆரம்பிக்க நினைத்தால் இணையத்துக்கு முன்னால் வீட்டுப் பெரியவர்களிடம் போங்கள். ஃபேமிலிசர்ச் போன்ற இலவசத் தளங்கள் எங்கும் போய்விடாது. பெரியவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் தெரியாது என்றுதான் வரும். "அத்தை கல்யாணத்துக்கு முன்னாலயா, பின்னாலயா? அப்ப வீட்டில் யார் யார் இருந்தீங்க?" என்று கேளுங்கள், கொட்டும். பழைய போட்டோவில் இருப்பவர்களின் பெயரை அன்றே பென்சிலால் பின்பக்கம் எழுதிவிடுங்கள். பத்திரங்களில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களையும் குறித்துவையுங்கள். அவர் பெரும்பாலும் மச்சானாகவோ மாமனாகவோ இருப்பார்.

மரபணுச் சோதனை செய்வதாக இருந்தால் கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள். சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளுக்குள் மரபணு சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொதுவாக இருக்கும். யாரும் எதிர்பாராத இடத்தில் கால் பங்கு பொருந்தினால், அது பெற்றவரில் ஒருவர் மட்டும் பொதுவான அண்ணன் தம்பியாக இருக்கலாம். அதை யாரிடம் எப்படிச் சொல்வது என்று முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

எல்லாம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். 1922-ல் டப்ளினின் பொது ஆவணக் காப்பகம் எரிந்ததில் அயர்லாந்துக் குடும்பங்கள் பலவற்றின் தடமே போனது. எரியாத பதிவேடுகளிலும் பெண்கள் பாதி மறைந்துதான் கிடப்பார்கள், ‘இன்னாரின் மனைவி’ என்று. பாட்டியின் அம்மா பெயரை நான் இப்போது பாட்டியுடைய தம்பிகளின் பதிவுகள் வழியாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.