மகள் தூதராக வேண்டும் என்கிறாள்: ஒரு தாய்க்குப் பதில்

வணக்கம் அம்மா. பிளஸ் டூ முடித்த உங்கள் மகள், யுனெஸ்கோ என்ற ஐ.நா. கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பின் தலைவராக இருந்த பல்கேரியாவின் இரினா போக்கோவாவைப் போல ஆகவேண்டும் என்கிறாள். "ஆட்சி மாறினால் இவள் கதி என்ன?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கவலைதான். போக்கோவாவின் வாழ்க்கையிலேயே அதற்குப் பதில் கிடைக்கும். ஆனால் அது முழுக்க இனிப்பான பதில் அல்ல.

முதலில் மகளிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். போக்கோவா ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வந்தவர் இல்லை. 1952-ல் சோஃபியாவில் பிறந்தார். அப்பா, ஆளும் கம்யூனிஸ்ட் கட்சி நாளேட்டின் தலைமை ஆசிரியர். போக்கோவா மாஸ்கோவில் சர்வதேச உறவுகள் படித்தார். 1977-ல் பல்கேரிய வெளியுறவு அமைச்சகத்தில் சேர்ந்தார். இந்த முதல் பாதியை நம் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்ட எனக்கு மனம் வராது.

பார்க்க வேண்டியது 1989-க்குப் பிறகு நடந்ததை. அந்த ஆண்டு கட்சியின் ஆட்சி சரிந்தது. நேற்றுவரை உதவிய பின்னணியே சுமையாகிவிட்டது. அதே ஆண்டில் அவர் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஆய்வு நல்கையில் படித்துக்கொண்டிருந்தார். 1990-ல், புதிய அரசியலமைப்பை எழுதிய மாபெரும் தேசிய சட்டமன்றத்துக்கு உறுப்பினராகப் போனார். பிறகு துணை அமைச்சர். 1996-ல் துணை அதிபர் வேட்பாளராக நின்று தோற்றார். அந்த ஆண்டு நவம்பரில் தற்காலிக வெளியுறவு அமைச்சர் பொறுப்பு வந்தது. பொருளாதாரம் நொறுங்கி, மக்கள் வீதிக்கு வந்து, அந்த அரசே கவிழ்ந்ததால் பிப்ரவரியில் அதுவும் போய்விட்டது. நீங்கள் பயப்படுவது இதைத்தானே? நடக்கத்தான் செய்தது. 2001-ல் மறுபடி எம்.பி. ஆனார். 2005-ல் பிரான்சுக்குத் தூதர், யுனெஸ்கோவிலும் நாட்டின் பிரதிநிதி.

2009-ல் யுனெஸ்கோ தலைமைப் பதவிக்குப் போட்டியிட்டபோது, எகிப்தின் கலாச்சார அமைச்சர் ஃபரூக் ஹோஸ்னிதான் ஜெயிப்பார் என்று பரவலாகப் பேசினார்கள். ஐந்தாம் சுற்று வாக்கெடுப்பில் 31-க்கு 27 என்று போக்கோவா வென்றார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் பெண். இரண்டே ஆண்டில், பாலஸ்தீனத்தை உறுப்பினராகச் சேர்த்ததற்காக அமெரிக்கா பணத்தை நிறுத்தியது. மொத்த பட்ஜெட்டில் 22 சதவீதம் அது. செலவைக் குறைப்பதும் மற்ற நாடுகளிடம் நிதி கேட்பதும்தான் அப்புறம் அன்றாட வேலை. தூதர் வேலை என்றால் விருந்தும் கைகுலுக்கலும் என்று உங்கள் மகள் நினைத்திருந்தால், இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

2016-ல் ஐ.நா. பொதுச்செயலாளர் பதவிக்கு சொந்த அரசே அவரை நிறுத்தியது. செப்டம்பரில் அதே அரசு அவரைக் கைவிட்டு, இன்னொரு பல்கேரியரான கிறிஸ்டலினா ஜார்ஜியேவாவை முன்னிறுத்தியது. போக்கோவா விலகவில்லை. கடைசியில் பதவி போர்ச்சுகலின் அன்டோனியோ குட்டெரெஸுக்குப் போனது.

ஆக, அரசியல் நியமனம் நிலையில்லாதது. ஆனால் போக்கோவாவிடம் ரஷ்ய மொழி, ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் இருந்தன; ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் நான்கு. அப்பாவின் செல்வாக்கு செல்லாக்காசான பிறகும் இவை செல்லுபடியாயின என்பது என் கணிப்பு.

உங்கள் மகளுக்கு வழி வேறு. ஐ.எஃப்.எஸ். எனப்படும் இந்திய வெளியுறவுப் பணிக்கு யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வு எழுத வேண்டும். ஏதாவது ஒரு பட்டமும் 21 வயதும் போதும். அது நிரந்தர அரசுப் பணி. ஆட்சி மாறினால் வேலை போகாது. பணியில் இருக்கும்வரை தேர்தலில் நிற்க முடியாது. ஜெய்சங்கர்கூட வெளியுறவுச் செயலர் பதவியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகுதான் அமைச்சரானார்.

தேர்வில் தேறுபவர்கள் சிலரே. அதனால், தேறாவிட்டாலும் வேலை தரக்கூடிய பட்டமாக எடுக்கட்டும்: பொருளாதாரமோ சட்டமோ. கூடவே இந்த விடுமுறையிலேயே சென்னை அலியான்ஸ் பிரான்சேஸில் பிரெஞ்சு முதல் நிலை வகுப்பில் சேர்த்துவிடுங்கள். ஒரு பருவம் முடிந்தும் ஆர்வம் குறையவில்லை என்றால் அவளை அழைத்து வாருங்கள். கல்லூரிப் பட்டியலை அப்போது பார்க்கலாம்.