இலவசச் சாம்பலைக் கொட்டிப் பள்ளத்தை நிரப்பலாமா?

கேள்வி: மீஞ்சூர் பக்கம் எங்கள் அப்பா பெயரில் 40 சென்ட் பள்ள நிலம் இருக்கிறது. ஒட்டினாற்போல் குடிதண்ணீர்க் கிணறு. அனல் மின் நிலையச் சாம்பலைக் காசு வாங்காமல் கொட்டித் தருவதாகவும், மேலே மண் போட்டு வீடு கட்டிக்கொள்ளலாம் என்றும் ஒரு லாரிக்காரர் சொல்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். கிணறு அத்தனை பக்கத்தில் இருக்கும்போது ஒரு லோடு கூட இறக்க விடாதீர்கள்.

அந்தச் சாம்பல் ஏன் சும்மா வருகிறது என்று பாருங்கள். 1,000 மெகாவாட் ஆலை முழு வீச்சில் ஓடினால், நம் நாட்டு நிலக்கரி நாளொன்றுக்குச் சுமார் 15,000 டன் எரியும். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். உங்களுக்கு அருகிலுள்ள வல்லூர் நிலையம் மட்டுமே 1,500 மெகாவாட். மத்திய அரசு 2021 டிசம்பர் 31 அன்று வெளியிட்ட அறிவிக்கைப்படி ஆலைகள் சாம்பல் முழுவதையும் பயன்படுத்தியாக வேண்டும். தவறினால் டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும். 20 டன் ஏற்றும் ஒரு டிப்பருக்கு 20,000 ரூபாய் என்று ஆகிறது. உங்கள் பள்ளம் உங்களைவிட அவர்களுக்குத்தான் அவசரம். நடுவில் ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே இன்னொருவர், அவருக்குக் கீழே லாரிக்காரர் என்று எல்லோருக்கும் லோடு கணக்கில் கூலி. கொட்டிய இடத்தை யாரும் வந்து பார்க்காவிட்டால், குட்டையை மூடியதும் 'பயன்பாடு' என்றே கணக்கில் ஏறும்.

இந்தப் புரோக்கர்கள் பத்திரத்தாளில் ஒரு கையெழுத்து கேட்பார்கள். 'நில உரிமையாளரின் விருப்பப்படி நிரப்பப்பட்டது, பின்விளைவுகளுக்கு அவரே பொறுப்பு' என்கிற மாதிரி ஒரு வரி அதில் இருக்கும். நாளை கிணற்றுத் தண்ணீர் கெட்டால் அந்தத் தாள்தான் உங்களுக்கு எதிராகப் பேசும். கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

சாம்பல் குளத்திலிருந்து (ஆலை தன் சாம்பலைத் தண்ணீரோடு கலந்து தேக்கிவைக்கும் இடம்) அள்ளிவரும் சாம்பலில் ஆர்செனிக், குரோமியம், ஈயம், செலினியம் போன்றவை சிறிய அளவில் இருக்கும். மழைநீர் அதன் வழியே இறங்கும்போது அவை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நிலத்தடி நீரில் சேரும். மீஞ்சூரில் ஏற்கெனவே அளவுக்கு மீறி நீர் உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே ஏறியிருக்கிறது. மிச்சமிருக்கும் நல்ல தண்ணீரையும் ஏன் பணயம் வைக்க வேண்டும்? வீட்டு விஷயத்துக்கு வந்தால், அடுக்கடுக்காக ரோலர் ஓட்டி இறுக்காத சாம்பல் நனைந்ததும் தாங்கும் பலத்தை இழந்துவிடும். அஸ்திவாரம் இறங்கும், சுவர் வெடிக்கும்.

இதைப் படித்துவிட்டு, சாம்பலில் செய்யும் செங்கல்லான சாம்பல் கல்லுக்கும் பயப்படாதீர்கள். பலர் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். புகைபோக்கிக்கு முன்னால் மின்வடிகட்டியில் பிடித்து எடுக்கும் உலர் சாம்பல் மாவு போல் இருக்கும். அதைச் சுண்ணாம்போ சிமென்டோ கலந்து, அழுத்தி, நீராற்றினால் (சில நாள் ஈரத்தில் வைத்துப் பதப்படுத்தினால்) அது கெட்டியாக இறுகிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் உலோகங்களும் எளிதில் கரைந்து வருவதில்லை. நீங்கள் கடையில் வாங்கும் பிபிசி (PPC, போர்ட்லேண்ட் பொசோலானா) சிமென்ட் மூட்டையிலேயே 35 சதவீதம் வரை இந்தச் சாம்பலைச் சேர்க்கத் தர விதி அனுமதிக்கிறது. சாம்பல் கல்லால், செங்கல் சூளைக்காக வயலின் மேல்மண்ணை வெட்டுவதும் குறைகிறது. ஆகவே வீட்டுச் சுவருக்கு, தரமாக நீராற்றிய சாம்பல் கல்லைத் தாராளமாக வாங்குங்கள். அனல் மின் நிலையத்தின் பாதிப்பைக் குறைக்க உருப்படியான வழி, சாம்பலைச் சிமென்டுக்கும் கல்லுக்கும் அனுப்புவதுதான். அவர்கள் குளத்திலிருந்து உங்கள் பள்ளத்துக்கு மாற்றினால் எதுவும் குறைந்ததாகாது.

பள்ளம் நிரப்ப மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். அதுவும் அங்கீகரிக்கப்பட்ட திட்டங்களுக்குத்தான். அனுமதித்த இடம், பரப்பு, அளவு எல்லாவற்றையும் வாரியம் ஆண்டுதோறும் தன் இணையதளத்தில் போட வேண்டும் என்று அதே அறிவிக்கை சொல்கிறது. அப்படியிருந்தும் ஒரு குடியானவர் தன் சர்வே எண்ணுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டுமென்றால் அந்த விதி யாருக்காக? புகைக்கும் இதே கதிதான். கந்தக டை ஆக்சைடு வரம்பை 2015 டிசம்பரில் அறிவித்து 2017க்குள் முடிக்கச் சொன்னார்கள். கெடுவை நீட்டி நீட்டி, 2025 ஜூலையில் பெரும்பாலான ஆலைகளுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள்.

லாரிக்காரர் மறுபடி வந்தால், உங்கள் சர்வே எண் குறித்த வாரிய அனுமதியைக் கேளுங்கள். அதைக் காட்டினாலும் கிணற்றைச் சொல்லி வாரியத்திடமே ஆட்சேபம் எழுதிக் கொடுங்கள். இதற்கிடையில் கிணற்றுத் தண்ணீரை இப்போதே ஆய்வகத்தில் கொடுத்து வையுங்கள். கையில் பிடிக்கும் டிடிஎஸ் கருவி உப்பின் அளவை மட்டுமே சொல்லும், ஆர்செனிக்கைக் காட்டாது. கன உலோகச் சோதனை வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். குடிநீரில் ஆர்செனிக் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பக்கத்து நிலத்தில் யாராவது ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டினால், லாரி எண் தெரியும்படி படம் எடுத்து, மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.