தண்ணீருக்கும் காசு கொடுக்கிறோம்: டெனிஷ் உருளைக்கிழங்குக் கேள்விகள்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் உருளைக்கிழங்கு. நத்தார் நெருங்குகிறது என்று அறிய வேறு நாட்காட்டி வேண்டியதில்லை.

நத்தார் இரவுக்கு மருமகளின் தாய் தகப்பன் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். இறைச்சி அவர்கள் பொறுப்பு. சீனியில் பிரட்டிய சின்னக் கிழங்கை நான் செய்வதாக வாய்விட்டுவிட்டேன். கடையில் அவித்து உரித்த கிழங்கு போத்தலில் கிடைக்கிறது. அதை வாங்கலாமா, பையில் வாங்கி நானே அவிப்பதா?
— வாசகி, ஹேர்னிங்

வசமாக மாட்டிக்கொண்டீர்கள் அக்கா. மேசையில் எல்லாரும் முதலில் பார்ப்பது அந்தக் கிழங்கைத்தான். 'புரூனெத கார்டொஃப்லர்' இல்லாத 24ஆம் திகதி இரவை டெனிஷ்காரர் நத்தார் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பன்றி வாட்டல் அல்லது தாரா, சிவப்புக் கோவா, மண்ணிறக் குழம்பு, பக்கத்தில் வெறுமனே அவித்த வெள்ளைக் கிழங்கும் இருக்கும். ஒரே மேசையில் இரண்டு கிழங்கா என்று சிரிக்க வேண்டாம். நம் கலியாண வீட்டில் கிழங்குப் பிரட்டலும் கிழங்கு வெள்ளைக்கறியும் ஒரே இலையில் விழுவதில்லையா?

போத்தல் வாங்குவது குற்றமில்லை. டெனிஷ் வீடுகளிலேயே பலர் அன்றைக்கு அதைத்தான் திறக்கிறார்கள். ஆனால் முகப்பில் உள்ள பெரிய எண்ணை நம்பாமல் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். தண்ணீரில் கிடக்கும் உணவுக்கு மொத்த எடையோடு வடித்த எடையையும் அச்சிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. டெனிஷில் 'திரேனெட் வெக்ட்' என்று இருக்கும். முதல் எண் 660, இந்த எண் 400 என்று வையுங்கள். நீங்கள் வாங்குவது 400 கிராம் கிழங்கும் 260 கிராம் உப்புத் தண்ணீரும். எட்டுப் பேருக்கு ஒரு கிலோ கிழங்கு வேண்டுமென்றால் மூன்று போத்தல் தூக்க வேண்டும். கடைத் தட்டின் விளிம்பில் சின்ன எழுத்தில் இருக்கும் கிலோ விலையைப் பக்கத்துப் பையின் கிலோ விலையோடு ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள். உரிக்கும் அலுப்புக்கு அவ்வளவு கொடுக்கலாம் என்று தோன்றினால் கொடுங்கள். நத்தார் வருடத்துக்கு ஒருமுறைதான்.

பை என்றால் சின்னதாகப் பொறுக்கி அடைத்த, அவித்தாலும் உடையாத இனம் வேண்டும். பையில் 'ஃபாஸ்ட்' அல்லது 'கோகெஃபாஸ்ட்' என்று போட்டிருப்பார்கள். 'மேலெத' என்றால் மாப்பிடிப்பான கிழங்கு. மசிக்க நல்லது, இதற்கு ஆகாது. முதல்நாளே தோலோடு அவித்து, உரித்து, குளிரூட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் ஒரு கிலோ கிழங்குக்கு 100 கிராம் சீனி, 50 கிராம் பட்டர். அகன்ற தாச்சியில் சீனியை மெல்லிசாகப் பரப்பி நடுத்தரச் சூட்டில் வையுங்கள். கரண்டி போடக் கூடாது. கிளறினால் சீனி திரளும். தானாக உருகிப் பொன்னிறம் வந்ததும் பட்டர். அது நுரைத்து அடங்கும்போது, குளிர்ந்த கிழங்கைத் தண்ணீரில் அலசி ஈரத்தோடே போடுங்கள். பாகு உடனே கெட்டிப்பட்டு 'எல்லாம் போச்சு' என்று இருக்கும். போகவில்லை. பத்து நிமிடம் மெல்லப் புரட்டுங்கள், அந்த ஈரத்திலேயே பாகு இளகிக் கிழங்கில் பளபளவென்று ஒட்டும். முதல் வருடம் நான் கிழங்கைச் சுடச்சுடப் போட்டுக் கிளறி, கிழங்குப் பாயசம் பரிமாறினேன். பிள்ளைகள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

போத்தல் கிழங்கு என்றால் இரண்டு மூன்று தரம் நன்றாக அலசுங்கள். இல்லாவிட்டால் அந்த உப்புத் தண்ணீர் பாகில் தெரியும்.

பத்து மாதத்துக்கு முன் வாங்கிய ஒட்டாத தாச்சியில் பூச்சு உரிகிறது. கடைக்குக் கொண்டுபோனால், "சீனி எரித்திருப்பீர்கள், நாங்கள் பொறுப்பில்லை" என்கிறார்கள். பற்றுச்சீட்டும் தொலைந்துவிட்டது.
— வாசகர், வைலே

பற்றுச்சீட்டு இல்லையென்று திரும்பி வந்துவிடாதீர்கள். அங்கேதான் வாங்கினீர்கள் என்று காட்ட வங்கிக் கணக்கு விவரமோ மொபைல்பே பதிவோ போதும்.

டென்மார்க்கின் கொள்முதல் சட்டப்படி, கடையில் வாங்கிய பொருளின் குறைபாட்டை இரண்டு வருடத்துக்குள் முறையிடலாம். 2022 ஜனவரி 1 முதல் வாங்கிய பொருட்களில், முதல் 12 மாதத்துக்குள் வெளிப்படும் குறை வாங்கும்போதே இருந்தது என்றுதான் கொள்ளப்படும். அப்படியில்லை என்று காட்டுவது விற்றவரின் வேலை. முன்பு இது ஆறு மாதமாக இருந்தது. பத்து மாதத்தில் நிற்கும் உங்களுக்கு இந்த மாற்றம் வாய்ப்பானது. "சீனி எரித்திருப்பீர்கள்" என்று ஊகிப்பது ஆதாரமாகாது. சீனி பாகாவது ஏறக்குறைய 160 முதல் 190 பாகையில். வழமையான ஒட்டாத பூச்சு சிதையத் தொடங்குவது 260 பாகைக்கு மேலேதான். சீனி உருக்கியதாலேயே பூச்சு போனது என்பது சரிவராத கணக்கு.

ஆனால் உங்கள் பக்கத்தையும் பாருங்கள். வெறும் தாச்சியை இண்டக்‌ஷன் அடுப்பில் முழு வேகத்தில் வைத்துவிட்டுத் தொலைபேசி எடுக்கப் போயிருந்தால், அந்த 260ஐத் தாண்டச் சில நிமிடம் போதும். அடி வளைந்திருந்தாலோ உள்ளே கத்திக் கீறல் தெரிந்தாலோ கடைக்காரர் பேச்சு எடுபடும். அப்படி ஒன்றும் இல்லையென்றால் எழுத்தில் முறையிடுங்கள், மின்னஞ்சல் போதும். குறையைக் கண்ட இரண்டு மாதத்துக்குள் அறிவித்தால், தாமதம் என்று தட்டிக்கழிக்க முடியாது. திருத்தித் தா, அல்லது மாற்றித் தா என்று கேளுங்கள். வைபோரில் உள்ள நெவ்னெனெஸ் ஹூஸ் என்ற அரச முறைப்பாட்டு அலுவலகம் வரை முறைப்பாடு போகலாம்தான், ஆனால் அங்கே குறைந்தபட்ச விலை எல்லை ஒன்று உண்டு; ஒரு தாச்சி பெரும்பாலும் அதை எட்டாது. கடையோடேயே பேசி முடிப்பதுதான் நடக்கக்கூடியது.

அடுத்த முறை பாகு காய்ச்சவென்றே வாங்குவதானால், பூச்சில்லாத வெள்ளி நிற எஃகுத் தாச்சி வாங்குங்கள். கறுப்பு அடியில் பொன்னிறமும் கருகலும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

போன மே மாதம் சம்சோ தீவின் புதுக் கிழங்கு என்று ஒரு சின்னப் பெட்டி, வழமையான பையைவிடப் பல மடங்கு விலை. சனம் அள்ளிக்கொண்டு போகிறது. அப்படி என்ன இருக்கிறது அதில்?
— வாசகி, ஓடென்ஸ

அவசரத்துக்கான விலை இருக்கிறது. கத்தெகாட் கடலில் உள்ள சம்சோ தீவில் கிழங்கு முந்தி விளையும். ஒவ்வொரு வசந்தத்திலும் முதல் சில கிலோ கண்ணைக் கட்டும் விலைக்குப் போவது இங்கே பத்திரிகைச் செய்தி. நம்மூரில் முதல் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்குக் கொடுத்த விலையை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் ருசி பொய்யில்லை. இளங்கிழங்கில் மாப்பொருள் குறைவு, தோல் காகிதம்போல இருக்கும். மூன்று வாரம் பொறுத்தால் யூனில் அதே ருசி சாதாரண விலைக்கு வரும். நான் அதுவரை காத்திருப்பவன். லாமஃபியோர்ட் கிழங்கும் அப்போது கிடைக்கும். சீலண்டின் ஒட்ஷெரெடில் 1873இல் வற்றடிக்கத் தொடங்கிய கடல்நிலம் அது. மண்ணில் கல்லே இல்லாததால் தோலில் கீறல் விழாது. அந்தப் பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பும் உண்டு.

புதுக் கிழங்கா என்று சோதிக்கப் பெருவிரல் போதும்: தேய்த்தால் தோல் கழன்று வர வேண்டும். இரண்டு நாளுக்கு மட்டும் வாங்குங்கள். தோலோடு அவித்து, பட்டர், கல்லுப்பு, சோயாக்கீரை (டில்). மயோனைசில் குழைத்து அதன் ருசியை மூடிவிடாதீர்கள். கிழங்குச் சாலட்டுக்கு விரல்போல நீண்ட 'அஸ்பார்ஜெஸ்' இனம் இருக்கிறது, வெட்டினால் வட்டம் கலையாமல் நிற்கும். மிஞ்சிய புதுக் கிழங்கை மறுநாள் றை பாண் துண்டில் அடுக்கி, மயோனைஸ் ஒரு கோடு, மேலே பொரித்த வெங்காயம். மயோனைஸ் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டு நானே போடுகிறேன், மன்னியுங்கள்.

விருந்துக்கு ஃப்லோதெ கார்டொஃப்லர் ஆயத்தத் தட்டாக வாங்குவது லாபமா?
— வாசகர், ஓர்ஹூஸ்

'ஃப்லோதெ' என்றால் பாலாடை. பெயரிலேயே ஒரு பொருள் இருந்தால் அது எத்தனை வீதம் என்று பொதியில் அச்சிட வேண்டும். அந்த வீதத்தை வாசியுங்கள். இங்கேயும் தண்ணீர் எங்காவது ஒளிந்திருக்கும்.

வீட்டில் என்றால் ஒரு கிலோ மாப்பிடிப்பான கிழங்கு, பின்ட்யெ இனம் நல்லது. இரண்டு மூன்று மில்லிமீற்றரில் சீவுங்கள். சீவிய பின் கழுவ வேண்டாம், ஏனென்றால் குழம்பைத் தடிப்பாக்குவது அந்த மாப்பொருள்தான். 38 வீதப் பாலாடை கால் லீற்றர், பால் கால் லீற்றர், உள்ளி, உப்பு, மிளகு, கொஞ்சம் சாதிக்காய். 180 பாகையில் ஒரு மணித்தியாலம். எங்கள் வீட்டு அம்மா ஒரு தேக்கரண்டி வறுத்த மிளகாய்த்தூளும் போடுவார். நான் தடுப்பதில்லை.

சிவப்பு Ø முத்திரை உள்ள கிழங்கு டென்மார்க் கிழங்குதானே?
— வாசகி, ஹோல்ஸ்டெப்ரோ

கட்டாயமில்லை. அது இயற்கை விவசாயப் பொருள் என்றும், கடைசியாகப் பொதி செய்த நிறுவனத்தை டெனிஷ் அதிகாரிகள் சோதித்தார்கள் என்றும்தான் சொல்கிறது. வேறு நாட்டில் விளைந்து இங்கே பொதியாகும் கிழங்கிலும் அது இருக்கலாம். விளைந்த நாட்டின் பெயரைத் தேடி வாசியுங்கள். டெனிஷ் கிழங்கின் வரலாறே வந்தேறிகளுடையதுதான்: 1759 அளவில் அரசர் ஐந்தாம் பிரெடரிக் யூட்லாந்தின் பொட்டல்வெளிக்குக் கூட்டிவந்த ஜேர்மன் குடியேறிகளை, அவர்கள் நட்ட பயிரை வைத்து 'கார்டொஃபெல்டிஸ்கெர', உருளைக்கிழங்கு ஜேர்மனியர், என்றே ஊர் அழைத்தது.

விசிறிபோல வெட்டிச் சுடும் ஹாசல்பாக் கிழங்குக்கு எந்த டெனிஷ் இனம் நல்லது?
— வாசகர், கோல்டிங்

முட்டை வடிவில் நடுத்தர அளவுள்ள எதுவும். ஆனால் சம்பந்தி வீட்டில் அதை டெனிஷ் பதார்த்தம் என்று சொல்லிவிடாதீர்கள், அது ஸ்டொக்ஹோமில் உள்ள ஹாசல்பாக்கன் உணவகத்துப் பெயர்.