சாண்ட்லரில் டிரடிஷனல் சார்ட்டர் பள்ளி: சேர்க்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோவையில் மூன்றாம் வகுப்பு முடித்த மகனோடு அரிசோனா மாநிலம் சாண்ட்லருக்குக் குடிபோகிறீர்கள். அங்குள்ள டிரடிஷனல் சார்ட்டர் பள்ளிகளில், அதாவது ஆசிரியர் முன்னின்று பழைய பாணியில் பாடம் நடத்தும் பள்ளிகளில், சீருடை, வரிசையாகப் போட்ட மேசை, தினமும் வீட்டுப்பாடம் என்று கேள்விப்பட்டதும் நம்ம ஊர் மெட்ரிக் பள்ளி மாதிரியே இருக்கிறதே என்று நிம்மதியானதாக எழுதியிருக்கிறீர்கள். அது பாதிதான் சரி. பாடத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகும் வரிசைதான் அந்தப் பள்ளிகளின் பலம். நடுவில் வந்து சேரும் பிள்ளை திணறுவதும் அந்த இடத்தில்தான். அதற்கு இப்போதே தயார் செய்யலாம்.

சார்ட்டர் பள்ளி தனியார் பள்ளி அல்ல. அரசுப் பணத்தில், ஒப்பந்த அடிப்படையில் நடக்கும் பொதுப்பள்ளி. அரிசோனாவில் 1994 சட்டத்தின் மூலம் வந்தது. படிப்புக் கட்டணம் கிடையாது. நுழைவுத் தேர்வு வைத்து யாரையும் தள்ளக் கூடாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். ஹெச்-4 விசா (அங்கே வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தரும் விசா) என்று காரணம் சொல்லி இடம் மறுக்க முடியாது. சேர்ந்தபின் வைக்கும் தேர்வு, கணக்கிலும் வாசிப்பிலும் எந்தப் பிரிவில் உட்கார வைப்பது என்று பார்க்கத்தான். இதே பாணிப் பள்ளிகளைச் சாண்ட்லர் மாவட்டக் கல்வி நிர்வாகமும் ‘டிரடிஷனல் அகாடமி’ என்ற பெயரில் நடத்துகிறது. இரண்டு பட்டியலிலும் பெயர் கொடுத்து வையுங்கள். பெரும்பாலான சார்ட்டர் பள்ளிகளுக்குப் பஸ் கிடையாது. வீட்டில் ஒருவர்தான் கார் ஓட்டுவார் என்றால், வாடகை வீடு பிடிக்கும்போதே இதை நினைவில் வைக்க வேண்டும்.

இனி வகுப்பறை. இந்தப் பள்ளிகள் பலவற்றில் ஆங்கிலத்துக்கு ஸ்பால்டிங் முறை. ஆங்கில ஒலிகளை எழுதிக்காட்டும் 70 எழுத்துக் கூட்டுகளைச் சின்ன வகுப்பிலேயே மனப்பாடமாக்கிவிடுவார்கள். ‘ஏ’ எழுத்துக்கு மூன்று ஒலி. ‘ஓ-யு-ஜி-ஹெச்’ நான்கும் சேர்ந்தால் ஆறு ஒலி. ஆசிரியர் அட்டையைத் தூக்கியதும் வகுப்பே அத்தனை ஒலிகளையும் வரிசை மாறாமல் சொல்லும். சொல்லை எழுதும்போது எந்த ஒலி என்பதைக் காட்ட மேலே சிறு எண் போட வேண்டும், கீழே கோடிட வேண்டும். உங்கள் மகன் எழுத்தின் பெயரைச் சொல்லி ஸ்பெல்லிங் படித்தவன். நன்றாக வாசிக்கிற பிள்ளைக்குக்கூட முதல் மாத ஸ்பெல்லிங் டெஸ்டில் மதிப்பெண் சரிவதற்கு இதுதான் காரணம். அந்த 70 அட்டைகளை வாங்கி நாளுக்கு நாலைந்து, காலை 10 நிமிடம், ஒலியைக் கேட்டு எழுதப் பழக்குங்கள். புறப்படுமுன் ஒரு சுற்று முடிந்துவிடும். நாலு கோடு நோட்டில் எழுதிய கர்சிவ் கையெழுத்து அங்கே அவனுக்குக் கைகொடுக்கும், அதை விட்டுவிடாதீர்கள்.

கணக்குக்குப் பெரும்பாலும் சாக்ஸன் என்ற பாடநூல் வரிசை. நாலாம் வகுப்புக்கு மேல் ஒவ்வொரு பாடத்திலும் புதுக் கருத்து கொஞ்சம்தான்; வீட்டுப்பாடமாக வரும் 30 கணக்கு வரையான கலவைப் பயிற்சியில் பெரும்பகுதி பழைய பாடம். கணக்கு எண்ணுக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் இன்னொரு சிறு எண் இருக்கும். அந்தக் கணக்கு எந்தப் பாடத்தில் கற்பிக்கப்பட்டது என்பதற்கான குறிப்பு அது. மகன் தப்பாகப் போட்டால் நீங்கள் உட்கார்ந்து நம்ம ஊர் முறையில் விளக்காதீர்கள். அந்த எண்ணுள்ள பாடத்துக்குத் திருப்பி அனுப்புங்கள். மூன்று நாள் தொடர்ந்து ஒரே எண்ணில் தப்பு வந்தால் ஆசிரியருக்கு அந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ‘கணக்கில் வீக்’ என்று எழுதுவதைவிட அவருக்கு அது பயன்படும். வாய்ப்பாடு தெரிந்த பிள்ளைக்கு நேரம் குறித்து வைக்கும் அடிப்படைக் கணக்குப் பயிற்சி சுலபம். தடுமாறுவது அங்குலம், அடி, கேலன் என்ற அளவுகளிலும், குவார்ட்டர் (25 சென்ட்), டைம் (10 சென்ட்), நிக்கல் (5 சென்ட்) என்ற நாணயங்களிலும்தான். லட்சம் இல்லாமல் நூறாயிரம், மில்லியன் என்று எண்ணை வாசிக்கவும் இப்போதே பழக்குங்கள்.

தடுப்பூசித் தாள்களில் மூன்று விஷயம். இந்திய அரசு அட்டவணையில் போடும் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசியில் பொன்னுக்குவீங்கிக்கான மருந்து இல்லை, அங்கே கேட்பது மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். 2016 ஏப்ரலுக்குப் பிறகு கொடுத்த போலியோ சொட்டு மருந்தை அங்கே கணக்கில் எடுப்பதில்லை, ஊசியாகப் போட்டதைத்தான் கேட்பார்கள். சின்னம்மை (சிக்கன்பாக்ஸ்) ஊசி நம்ம அரசு அட்டவணையில் இல்லை. குழந்தை மருத்துவரிடம் இப்போதே காட்டி விடுபட்டதைப் போட்டு, தேதிகளை ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள்.

சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி பற்றி மூன்று கேள்வி வரும். குழந்தை முதலில் பேசிய மொழி எது என்பதும் அதில் ஒன்று. தமிழ் என்று எழுதினால் அசெல்லா என்ற ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். அதற்குப் பயந்து சிலர் ஆங்கிலம் என்று எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தேறினால் பிள்ளை வழக்கமான வகுப்பில்தான் இருப்பான். தேறாவிட்டால், பாடம் வேகமாக ஓடும் இந்தப் பள்ளிகளில் அவனுக்கு மிகத் தேவையான மொழி உதவி அந்த வழியாகத்தான் வரும்.

எல்லாப் பிள்ளைக்கும் இந்த முறை ஒத்துவராது. ஆசிரியர் முன்னால் நின்று நடத்த, பிள்ளைகள் கூடவே பதில் சொல்லும் நேரம்தான் அதிகம். தானே துருவித் துருவிச் செய்து பார்க்கிற பிள்ளை, எழுதக் கை வலிக்கிறது என்கிற பிள்ளை இரண்டு பேரும் சோர்ந்துபோவார்கள். பள்ளியைச் சுற்றிப் பார்க்கும்போது அலுவலக ஹாலோடு திரும்பாமல், ஒரு நாலாம் வகுப்புக் கணக்குப் பாடம் முழுவதும் பார்க்க அனுமதி கேளுங்கள். நடுவில் சேரும் பிள்ளைக்கு அந்த 70 எழுத்துக் கூட்டுகளில் பயிற்சி யார் தருவார், வாரத்துக்கு எத்தனை முறை என்று கேளுங்கள். கற்றல் குறைபாடு இருந்தால் சிறப்புக் கல்வி தரும் கடமை சார்ட்டர் பள்ளிக்கும் உண்டு. ‘எங்கள் பள்ளி உங்கள் பிள்ளைக்குச் சரிப்படாது’ என்று யாராவது வாய்வார்த்தையாகச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

ஊருக்கு வருவதிலும் கவனம் தேவை. அரிசோனாவில் அனுமதி இல்லாமல் தொடர்ந்து 10 பள்ளி நாள் வராவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள். காத்திருப்போர் பட்டியல் நீளமான பள்ளியில் அந்த இடம் திரும்பக் கிடைக்காது. அங்கே ஜூலை பிற்பகுதியிலேயே பள்ளி திறந்துவிடும்; ஜூன், ஜூலை முற்பாதிதான் உங்களுக்கு நீண்ட பயணக் காலம்.

இந்தப் பள்ளிகள் பல எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்புக்கு எங்கே என்பதை ஏழாம் வகுப்பிலேயே பேசத் தொடங்குங்கள். எட்டாவதில் அல்ஜீப்ரா 1 முடித்திருந்தால் அடுத்த பள்ளி அதை ஏற்று ஜியோமெட்ரியில் உட்கார வைக்குமா என்று அந்தப் பள்ளியிடமே எழுத்தில் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸ் எடுப்பதும், பொறியியல் விண்ணப்பமும் அந்த ஒரு வருடத்தை நம்பித்தான் இருக்கின்றன.