மகன் லாரி ஓட்டப் போகிறேன் என்கிறானா? கடலூர்ப் பெற்றோருக்குச் சில விவரங்கள்

“லாரிக்காரனுக்கு யாருங்க பொண்ணு தருவாங்க?” பிளஸ் டூ முடித்த பையன் லாரி ஓட்டப் போகிறேன் என்றதும் வீட்டில் கிளம்பும் முதல் கேள்வி இது. உங்கள் பயம் நியாயமானதுதான். தூக்கமில்லாத கண், குடி, வாரக்கணக்கில் வீடு திரும்பாமை என்று இந்தத் தொழிலுக்கு ஒரு பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. பையன் முதலில் எந்த வண்டியில், எந்த முதலாளியிடம் சேர்கிறான் என்பதைப் பொறுத்தே அந்தப் பெயர் அவன்மேலும் ஒட்டும், அல்லது ஒட்டாமல் போகும். அதனால் விசாரிக்க வேண்டியதை இப்போதே விசாரியுங்கள்.

முதலில் வயதுக் கணக்கு. 18 நிறைந்ததும் கார் லைசென்ஸ் எடுக்கலாம். லாரி போன்ற போக்குவரத்து வாகனத்துக்கு 20 வயது நிறைய வேண்டும், கார் லைசென்ஸ் எடுத்து ஓராண்டும் ஆகியிருக்க வேண்டும். இடையில் வரும் இரண்டு ஆண்டுகளில்தான் பல பையன்கள் வழி தவறுகிறார்கள். கிளீனராக ஏறி, டிரைவர் அசந்த நேரத்தில் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார்கள். 18 நிறையாதவன் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. அந்த இரண்டு ஆண்டுக்கு என் பரிந்துரை ஐ.டி.ஐ.தான். மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு சரியாக 2 ஆண்டு, டீசல் மெக்கானிக் 1 ஆண்டு. வண்டியின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்த டிரைவரை முதலாளி மரியாதையாக நடத்துவார். பிரேக்டவுன் ஆனால் நடுரோட்டில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவும் வேண்டியிருக்காது. எந்தப் பயிற்சிக்கும் பணம் கட்டும் முன்பு பையனின் கண் பரிசோதனையை முடித்துவிடுங்கள்.

கனரக வண்டிக்குப் பழகும்போது அவசரம் வேண்டாம். அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கு மத்திய அரசு வகுத்த பாடத்திட்டமே 6 வாரத்தில் 38 மணி நேரம். “பத்து நாளில் ஹெவி லைசென்ஸ்” என்பவரிடம் சேர்த்தால் கையில் அட்டை வரும், ரிவர்ஸ் எடுக்க வராது.

கடலூர்ப் பையனுக்கென்று ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. முதுநகரைத் தாண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு வரும் ரசாயன டேங்கர்களைச் சாதாரண ஹெவி லைசென்ஸ் வைத்து ஓட்ட முடியாது. அபாயகரமான சரக்குக்கான 3 நாள் பயிற்சியை முடித்து, லைசென்ஸில் தனியாகப் பதிய வேண்டும். சாதாரண போக்குவரத்து லைசென்ஸ் 5 ஆண்டு செல்லும். இந்த அபாயச் சரக்கு அனுமதி 3 ஆண்டுதான், புதுப்பிக்க ஒரு நாள் வகுப்பு. ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்பது விதி. பிளஸ் டூ படிப்பு இங்கே கைகொடுக்கும். டேங்கரின் இரு பக்கமும் பின்புறமும் இருக்கும் பலகையில் சரக்கின் பெயர், அபாயத்தைக் குறிக்கும் ஐ.நா. வகை எண், அவசரத் தொலைபேசி எண் எல்லாம் எழுதியிருக்கும். கசிவு ஏற்பட்டால் என்ன செய்வது என்று கேபினில் வைத்திருக்கும் டிரெம் கார்டு என்ற அவசரகால அட்டை சொல்லும். அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் டிரைவரை “வெறும் லாரிக்காரன்” என்று யாரும் சொல்லிவிட முடியாது.

தினசரிப் பழக்கங்களும் அப்படித்தான். காலையில் வண்டியை எடுக்கும் முன் பிரேக்குக்குக் காற்றைச் சேமிக்கும் ஏர் டேங்கின் அடியில் உள்ள வால்வைத் திறந்து பார்க்க வேண்டும். காற்றிலுள்ள ஈரம் தண்ணீராக அங்கே தேங்கும். வெளியேற்றாவிட்டால் உள்ளே துருப்பிடித்து, பிரேக் பிடிப்பது தாமதமாகும். ஈரத்தை உறிஞ்சும் ஏர் டிரையர் இருந்தும் தண்ணீர் வந்தால் அதன் ஃபில்டரை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

இன்னொன்று, சாலையில் கிடக்கும் கல். பஞ்சரான லாரியைச் சுற்றி, மற்ற வண்டிகளுக்கு எச்சரிக்கையாகக் கல்லும் மரக்கிளையும் அடுக்கி, வேலை முடிந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். இரவில் பைக்கில் வருபவர் அதில் மோதி விழுவார். ஊர்க்காரர்கள் லாரிக்காரர்களைத் திட்டுவதில் அந்தக் கல்லுக்கும் பங்குண்டு. பார்க்கிங் விளக்கும், வண்டிக்குப் பின்னால் தள்ளி வைத்த சிவப்பு முக்கோணமும் அந்த வேலையைச் செய்துவிடும். சாம்பல், மணல் லோடுக்குத் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவதும் இதே கணக்கில்தான் சேரும்.

முதலாளியிடம் கேட்க வேண்டியவை: மாதச் சம்பளமா, டிரிப் கணக்கா? டிரிப் கணக்கு மட்டும் என்றால் தூக்கத்தை விற்றுத்தான் காசு பார்க்க முடியும். விடியற்காலை இரண்டு முதல் ஐந்து மணிக்குள் கண் சொருகும் ஆபத்து அங்கிருந்துதான் வருகிறது. பேட்டா தனியாக உண்டா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? வண்டி இன்சூரன்ஸில் சம்பள டிரைவருக்கான பாதுகாப்பும் சேர்ந்திருக்கிறதா? நீண்ட தூரம் என்றால் இரண்டாவது டிரைவர் உண்டா? மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்குச் சட்டம் வகுத்த வரம்பு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ஓவர்லோடு ஏற்றச் சொல்கிறாரா என்பதையும் நேராகவே கேளுங்கள். பிடிபட்டால் அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் மேலே. அந்த நேரத்தில் செக்போஸ்ட்டில் நிற்பது உங்கள் பையன்தான்.

முடிந்தால் வண்டியையே நேரில் போய்ப் பாருங்கள். இப்போது புதிதாகத் தயாராகும் லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம், பழைய வண்டியில் அது இருக்காது, அதைக் குறையாக எடுக்க வேண்டாம். டயர் தேய்ந்து வழவழப்பாக இருக்கிறதா, பின்புறம் ஒளிரும் பட்டை கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு முக்கோணத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். தேடாமல் எடுத்துக் காட்டினால், சம்பளப் பேச்சைத் தொடங்கலாம்.