கீமோதெரபியில் முடி உதிரப்போவதைப் பதின்வயதுப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

அடுத்த வாரம் தங்களுக்குக் கீமோதெரபி தொடங்குவதாகவும், 13 மற்றும் 16 வயதுப் பிள்ளைகளிடம் முடி உதிர்வதைப் பற்றி எப்படிப் பேசுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். உதிரும் முன்பே சொல்லிவிடுங்கள். வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும் இம்மருந்துகள், புற்றுநோய்ச் செல்களோடு மயிர்க்கால்களின் செல்களையும் தாக்குவதால்தான் முடி கொட்டுகிறது என்பதையும், அது நோய் முற்றியதன் அடையாளம் அன்று என்பதையும் நேராகச் சொன்னால், இந்த வயதில் நன்றாகவே புரிந்துகொள்வார்கள். எல்லா மருந்துகளுக்கும் முடி உதிர்வதில்லை; உதிருமானால், பெரும்பாலும் சிகிச்சை தொடங்கிய 2 முதல் 4 வாரங்களில் உதிரத் தொடங்கும் என்பதால், உங்கள் மருந்தைப் பற்றி மருத்துவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் தலையணை உறையில் கொத்தாக ஒட்டியிருக்கும் முடியை எதிர்பாராமல் பார்ப்பதுதான் பிள்ளைகளை அதிகம் உலுக்கும். புருவமும் இமைமுடியும்கூட உதிரலாம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். முகம் மாறித் தெரிவதற்கு அதுவே பெரிய காரணம்.

தலையை மழித்துக்கொள்ளும்போது உடனிருப்பதா, வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். நண்பர்கள் வரும்போது தொப்பி அணியும்படி மகன் கேட்டால், அதை அன்பின்மை என்று எண்ணி மனம் நோகாதீர்கள். பிறர் கேள்விகளுக்கு என்ன பதில் சொல்வது என்ற தவிப்புதான் அப்படிப் பேசவைக்கிறது. "அம்மாவுக்குச் சிகிச்சை நடக்கிறது, அதனால்தான்" என்ற ஒரு வரிப் பதிலை அவனோடு சேர்ந்து இப்போதே தயார்செய்து வையுங்கள்.